எண்பது வந்ததும் கழட்டிடுங்க

"எப்பவும் ப்ளக்லயே போட்டு வெச்சிருந்தா பேட்டரி உப்பிடும் மாமா. எண்பது வந்ததும் கழட்டிடுங்க. நாப்பதுக்கு இறங்கினதும் திரும்ப மாட்டுங்க. அவ்வளவுதான்."

மருமகள் இப்படிச் சொல்லிவிட்டு ரயிலேறிய நாளில் ரீடிங்காரருக்கு மறுபடியும் ஓர் உத்தியோகம் கிடைத்தது.

முப்பத்து நான்கு வருஷம் தெருத் தெருவாக நடந்து வீட்டுக்கு வீடு மின்சார மீட்டரைப் பார்த்து எழுதியவர் அவர். கேட்டைத் தட்டி "ரீடிங்!" என்று ஒரு குரல் கொடுப்பார். நாய் குரைக்கும், கதவு திறக்கும், எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். அந்தக் குரலே பெயராகிப் போய், சொந்தப் பெயரை யாராவது சொன்னால் அவரே ஒரு நொடி யோசித்துத்தான் திரும்புவார். ஓய்வு பெற்ற பிறகு கைக்கு வேலையில்லை, காலுக்குத்தான் மூட்டு வலி என்ற வேலை வந்து சேர்ந்தது.

மனைவி போய் வெகுகாலம் ஆகிவிட்டது. மிச்சமிருந்த ஒரே மகனையும் ஒரு காய்ச்சல் ஒன்பதே நாளில் கொண்டுபோனது. அதற்குப் பிறகு மருமகள் எட்டு மாதம் மாமனாரோடு அந்த மூன்றாம் மாடி வீட்டிலேயே இருந்தாள். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் அழுதார்கள். அவள் குளியலறையில் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுவாள். அவர் மொட்டை மாடிக்குப் போய்விடுவார். பிறகு அவளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. போகிற அன்று மகனுடைய லேப்டாப்பைத் துடைத்து மேஜைமேல் வைத்தாள்.

"இது இங்கயே இருக்கட்டும் மாமா. அவரோட போட்டோ, வீடியோ எல்லாம் இதுலதான் இருக்கு. பேட்டரியை மட்டும் பார்த்துக்குங்க."

மனுஷன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். லேப்டாப் எப்போதும் மேஜைமேல்தான் இருக்கும், எங்கும் போகாது. அப்படியிருக்க ஒயரைக் குத்திவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கலாம். ஆனால் சொன்னது யார்? ஒயர் மாட்டியிருந்தால் காய்கறி வாங்கக்கூடப் போக மாட்டார். எழுபத்தெட்டு வந்ததும் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவார். எண்பது என்று காட்டிய நொடி, குழந்தை வாயிலிருந்து எதையோ பிடுங்குகிறவர் மாதிரி ஒயரைப் பிடுங்குவார். ஒரு நோட்டுப் போட்டுத் தேதி, மணி, எண் மூன்றையும் எழுதி வைத்தார். யார் கேட்டார்கள் என்று கேட்காதீர்கள். எண் என்று ஒன்று கண்ணில் பட்டால் எழுதாமல் இருக்க அவரால் முடியாது.

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு மருமகள் போன் செய்வாள்.

"எவ்வளவு மாமா இருக்கு?"

"அறுபத்தேழும்மா."

"சூடாகுதா?"

"தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுன்னுதான் இருக்கு."

அலுவல் இத்துடன் முடிந்தது. ஆனால் பேச்சு முடியாது. அவள் அலுவலகத்தில் மேலதிகாரி பண்ணுகிற கூத்து, இவர் வீட்டு லிஃப்ட் நின்றுபோன கதை, மூட்டுக்குப் போடுகிற களிம்பு, யாருக்குத் தலைவலி, யாருக்குத் தூக்கம் வரவில்லை என்று அரைமணி, முக்கால் மணி ஓடும். எப்போதாவது மகனைப் பற்றியும் வரும். "அவர் இருந்தா இந்நேரம் சிரிச்சிருப்பார்" என்பாள். "ஆமாம்மா" என்பார். இருவரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேச மாட்டார்கள். அந்த மௌனமும் அவருக்குப் பிடித்திருந்தது.

மற்ற ஆறு நாளும் அவர் பேசியதை ஒரு தபால் அட்டையில் எழுதிவிடலாம். பால் கடையில் "அரை லிட்டர்." லிஃப்டில் "மூணு." மருந்துக் கடையில் "அதேதான்." ஒருமுறை நான்கு நாள் தொடர்ந்து வாயே திறக்காமல் இருந்துவிட்டு, போன் வந்தபோது குரல் வராமல் செருமிச் செருமிப் பேசினார். சளியா மாமா என்று அவள் பதறினாள். ஆமாம் என்று சொல்லிவிட்டார். வேறென்ன சொல்வது?

சில ஞாயிறுகளில் அவள் தன் ஊரிலிருந்தபடியே இன்டர்நெட் வழியாக லேப்டாப்புக்குள் நுழைந்து எதையாவது சரிசெய்வாள். திரையில் அம்புக்குறி தானாக நகரும். மகன் உட்கார்ந்த மேஜை, மகன் தட்டிய பெட்டி, அதில் ஒரு சின்ன அம்பு இங்கே போகும், அங்கே போகும், எதையோ திறக்கும், மூடும். ரீடிங்காரர் கையை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டில் இன்னொரு ஆள் நடமாடுகிற மாதிரி இருக்கும் அவருக்கு. வேலை முடிந்து அம்பு நின்றுவிட்டால் மனசு கனத்துப்போகும்.

மூன்று வருஷம் இப்படி ஓடியது. பிறகு ஒரு ஞாயிறு, எண்ணைக் கேட்காமலே அவள் ஆரம்பித்தாள்.

"மாமா, உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன். எங்க ஆபீஸ்ல ஒருத்தர்... கல்யாணம் பண்ணிக்கலாம்னு கேக்கறார்."

"நல்ல ஆளா?"

"நல்ல ஆள்தான் மாமா."

"அப்ப சரின்னு சொல்லு. இதுல என்னைக் கேக்கறதுக்கு என்ன இருக்கு?"

மனசாரத்தான் சொன்னார். முப்பத்திரண்டு வயதுப் பெண் காலமெல்லாம் தனியாக இருக்க வேண்டும் என்று நினைக்கிற கல்நெஞ்சு அவருக்குக் கிடையாது. ஆனால் போனை வைத்த பிறகு இருட்டுகிற வரைக்கும் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். பெற்ற மகள் என்றால் "ஏண்டி போன் பண்ணலை" என்று உரிமையோடு ஏசலாம். மகனும் இல்லாமல், அவளும் இன்னொரு வீட்டுக்குப் போன பிறகு, எந்த உரிமையில் எதைக் கேட்பது?

மூட்டைக் காரணம் காட்டிக் கல்யாணத்துக்குப் போகாமல் இருந்துவிட்டார். அதற்கப்புறம் போன் வரத்தான் செய்தது, ஆனால் தேய்ந்துகொண்டே வந்தது. ஒரு வாரம் பதினெட்டு நிமிஷம். அடுத்த வாரம் பதினொன்று. அதற்கடுத்த வாரம் ஆறு. எழுதி வைத்தாரா என்றால், ஆம், அதையும் எழுதி வைத்தார். ஒரு ஞாயிறு போனே வரவில்லை. "வெளில இருக்கேன் மாமா. பேட்டரி ஓகேதானே? அடுத்த வாரம் பேசறேன்" என்று ஒரு வரி மட்டும் வந்தது. ரீடிங்காரர் அந்த ஒரு வரியைப் பதினைந்து தடவை படித்தார். பதிலாக "65" என்று அனுப்பினார்.

அந்த வாரத்தில்தான் ஒரு தவறு நடந்தது, தற்செயலாகத்தான். ரயில் இன்ஜினுக்கு முன்னால் கேமரா வைத்து எடுத்த நீளமான வீடியோக்களை லேப்டாப்பில் பார்ப்பார் அவர். தண்டவாளம் வந்துகொண்டே இருக்கும், பேச்சே இருக்காது. அன்றைக்கு ஒயர் மாட்டாமல் அதை ஓடவிட்டுவிட்டு நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டார். எழுந்து பார்த்தால் பன்னிரண்டு. பதறிப்போய் மருமகளுக்குச் செய்தி அனுப்பினார்: "எண்பதில் இருந்தது. இரண்டு மணி நேரத்தில் 12."

அடுத்த நிமிஷமே போன்.

"என்ன மாமா ஆச்சு? இவ்வளவு வேகமா இறங்கக் கூடாதே. அடிப்பக்கம் உப்பலா இருக்கா, தடவிப் பாருங்க. மேஜையில ஆடாம உக்காருதா?"

ஆடாமல்தான் உட்கார்ந்திருந்தது. ஆனாலும் நாற்பது நிமிஷம் பேசினாள். கடைசியில் பேச்சு பேட்டரியை விட்டு எங்கெங்கோ போய், அவள் புது வீட்டு ஜன்னல் சாத்த வராத கதையில் வந்து நின்றது. பழையபடி சிரித்தாள். வீடியோ ஓடவிட்டுத் தூங்கிவிட்டேன் என்று ரீடிங்காரர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு மதியம் ஒன்று பத்துக்கு அவர் வேண்டுமென்றே ஒயரைப் பிடுங்கினார். திரையின் வெளிச்சத்தை உச்சத்துக்கு ஏற்றினார். நன்றாகச் சூடாகட்டும் என்று லேப்டாப்பைத் தூக்கித் தலையணைமேல் வைத்து ரயிலை ஓடவிட்டார். மூன்றரைக்குப் பதினான்கு. திருப்தியாகத் தலையணையை எடுத்துக் கட்டிலில் போட்டுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இன்னைக்கும் இறங்கிடுச்சும்மா."

செய்தவர் யார் என்று நினைத்துப் பாருங்கள். மீட்டரில் காந்தம் ஒட்டியவன், முத்திரையை உடைத்து அரக்கு வைத்துப் பூசியவன், தகட்டுச் சில்லைச் செருகிச் சக்கரத்தை நிறுத்தியவன் என்று அவர் கண்டுபிடிக்காத திருட்டு கிடையாது. "மனுஷன் பொய் சொல்லுவான் சார், மீட்டர் சொல்லாது" என்று அலுவலகத்தில் மார்தட்டிய ஆள். அப்பேர்ப்பட்டவருக்கு, தானும் ஒரு மீட்டருக்கு முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறோம் என்பது மட்டும் உறைக்கவில்லை. எடுக்கிற பக்கமே இருந்து பழகியவர், தன்னையும் யாரோ ரீடிங் எடுக்கக்கூடும் என்று எப்படி நினைப்பார்?

நான்கு ஞாயிறு இந்தக் கூத்து நடந்தது. நான்கிலும் பேச்சு அரைமணிக்குக் குறையவில்லை. ஒவ்வொரு முறையும் ஒயரைப் பிடுங்கும்போது மகனிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொள்வார். அவன் போட்டோ எல்லாம் இருக்கிற பெட்டியைத் தலையணைமேல் வேகவைக்கிறோமே என்று உண்மையிலேயே வருத்தப்பட்டார். வருத்தப்பட்டுக்கொண்டே செய்தார்.

ஐந்தாவது ஞாயிறு மருமகள் சொன்னாள்: "இருங்க மாமா, உள்ள போய்ப் பார்த்துடறேன். இதை இப்படியே விடக் கூடாது."

அம்பு நகர்ந்தது. ரீடிங்காரர் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அது எங்கோ மூலைக்குப் போய் அவர் இதுவரை பார்த்திராத ஒன்றைத் திறந்தது. நீளமான பட்டியல். ஆங்கிலத்தில் இருந்தது, ஆனால் எண்கள் எந்த மொழியிலும் எண்கள்தானே. தேதி, மணி, சதவீதம். ஒயர் மாட்டியது, ஒயர் எடுத்தது. அவர் நோட்டில் இருப்பது போலவே மூன்று கட்டம். மேலே முதல் வரியில் இருந்த தேதி, அவள் ரயிலேறிய நாள்.

பட்டியல் கீழே ஓடியது. கடைசிக்கு வந்ததும் வேகம் குறைந்தது. ஞாயிறு, 1.10, ஒயர் எடுத்தது. ஞாயிறு, 1.12. ஞாயிறு, 1.10. ஞாயிறு, 1.09. இன்று, 1.10. நடுவில் திங்களிலிருந்து சனி வரைக்கும் எண்பதும் நாற்பதுமாக, பேட்டரி தங்கமாக நடந்துகொண்டிருந்தது.

அம்பு அந்த வரிமேல் போய் நின்றது. நகரவே இல்லை.

போனில் அவள் மூச்சு மட்டும் கேட்டது. ரீடிங்காரர் தன் உத்தியோகத்தில் இதைப் பார்த்திருக்கிறார். திருட்டு பிடிபட்ட வீட்டில் யாரும் உடனே சண்டைக்கு வருவதில்லை. முதலில் ஓர் அமைதி வரும். பிறகு அசட்டுச் சிரிப்போடு, "வெயில்ல வந்திருக்கீங்க, தண்ணி குடிக்கறீங்களா சார்" என்பார்கள்.

"தண்ணி குடிச்சியாம்மா?" என்று அவர் வாய் கேட்டது.

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவருக்கே தெரிந்தது. கூசிப்போனார்.

"குடிச்சேன் மாமா," என்றாள் அவள். குரல் ஒரு மாதிரி இருந்தது. அம்பு அந்த வரியை விட்டு நகர்ந்தது. பட்டியலை மூடியது. வேறொரு பக்கத்தைத் திறந்து, அதில் ஒரு சின்னக் கட்டத்தைத் தட்டியது.

"இனிமே எண்பதுல அதுவா நின்னுடும் மாமா. ப்ளக்லயே போட்டு வெச்சிருங்க. நீங்க கழட்டவும் வேணாம், மாட்டவும் வேணாம்."

"இப்பதான் புதுசா வந்திருக்காம்மா இது?"

அம்பு அந்தப் பக்கத்தையும் மூடியது.

"இல்ல மாமா. முதல்லேர்ந்தே இருக்கு."

"அப்புறம் பேசறேன் மாமா" என்று வைத்துவிட்டாள்.

லைனைக் கட் பண்ணிவிட்டாள் என்றுதான் ரீடிங்காரர் எடுத்துக்கொண்டார். திருட்டைக் கண்டுபிடித்தால் அவரும் அந்த வீட்டுக் கரண்டை அப்படித்தானே கட் பண்ணியிருக்கிறார். கையும் களவுமாகப் பிடித்தவள் ஒரு வார்த்தை திட்டாமல் விட்டதே பெரிய மரியாதை என்று நினைத்தார். நினைத்தாரே தவிர, அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த வாரம் மகா கொடுமையாகப் போனது. காலையில் எழுந்து பார்ப்பார், எண்பது. காய்கறி வாங்கிக்கொண்டு வந்து பார்ப்பார், எண்பது. ஒயர் மாட்டியபடி மாட்டியிருந்தது. பிடுங்க வேண்டியதில்லை, எழுத வேண்டியதில்லை, நாற்காலி நுனிக்கு வர வேண்டியதில்லை. வீட்டிலேயே ஒன்றும் செய்யத் தேவையில்லாத பொருள் தான்தான் என்று பட்டது. ஞாயிறு நான்கு மணிக்குப் போன் வரவில்லை. நாலரைக்கும் வரவில்லை. செய்தியும் இல்லை. ஐந்துக்கு எழுந்து போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார், ஏன் என்று தெரியாமல்.

அப்போதுதான் கோபம் வந்தது. முதலிலிருந்தே இருக்கிறதாமே! ஒரு தட்டுத் தட்டினால் வேலை முடிந்திருக்கும். அதை விட்டுவிட்டு மூன்று வருஷமாகக் கிழவனைப் பிடித்து, கழட்டு, மாட்டு, கழட்டு, மாட்டு என்று குரங்காட்டம் ஆட வைத்திருக்கிறாள். மூட்டு வலியோடு எத்தனை தடவை எழுந்து ஓடியிருக்கிறேன்! கம்ப்யூட்டரிலேயே குடித்தனம் நடத்துகிறவளுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்?

தெரியாமல் இருந்திருக்காது.

கோபம் அந்த இடத்தில் நின்றுவிட்டது. ரீடிங்காரர் நோட்டை எடுத்தார். நோட்டில் இருக்கிற அத்தனையும் அந்தப் பட்டியலிலும் இருந்தது. அங்கிருந்தே அவளால் பார்த்துக்கொள்ள முடியும். முதல் நாளிலிருந்தே முடியும். பார்த்துக்கொள்ள முடிந்தவள், நூற்றைம்பது ஞாயிறுக்கு மேல், "எவ்வளவு மாமா இருக்கு" என்று எதற்காகப் போன் செய்து கேட்டாள்?

கிழவனுக்குப் பொழுது போகட்டும் என்ற இரக்கமாக இருக்கலாம். அப்படியே இருந்தாலும் பரவாயில்லை என்று தோன்றியது அவருக்கு. ஆனால் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, தெரியாத ஊரில் ஓர் அறையில் ஞாயிற்றுக்கிழமையைத் தள்ள வேண்டியிருந்தவளும் அவள்தானே. அவளுக்கும் மாமனாரைக் கூப்பிட ஒரு காரணம் தேவைப்பட்டிருக்குமோ? தான் தலையணையைத் தேடியது போல அவளும் இந்த எண்பதைத் தேடிப் பிடித்தாளோ? இப்போது அவளே அந்தக் காரணத்தை ஒரு தட்டில் இல்லாமல் ஆக்கிவிட்டாள். கோபத்தில் செய்தாளோ, அழுகையில் செய்தாளோ, வாயை விட்டுக் கேட்டால்தான் தெரியும்.

போனைக் கையில் எடுத்தார். வைத்தார். வாழ்க்கையில் எந்த வீட்டுக் கதவையும் அவர் காரணமில்லாமல் தட்டியதில்லை. மறுபடியும் எடுத்து, யோசித்தால் கெட்டது என்று சட்டென்று அழைத்துவிட்டார்.

நான்கு முறை மணி அடித்த பிறகுதான் எடுத்தாள்.

"சொல்லுங்க மாமா. லேப்டாப்புக்கு என்ன?"

"ஒண்ணும் இல்லம்மா. எண்பதுல நிக்குது."

"சூடாகுதா?"

"இல்ல."

"அப்புறம் மாமா?"

ரீடிங்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். சொல்வதற்கு மேஜையில் ஒன்றுமில்லை, சுவரிலும் ஒன்றுமில்லை. செருமினார்.

"சும்மாதான்மா கூப்பிட்டேன்."

அந்தப் பக்கம் அடுப்பில் ஏதோ கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. வைத்துவிடுவாளோ என்று பயந்தார். தூரத்தில் ஓர் ஆண் குரல், "யாரு போன்ல?" என்று கேட்டது.

"எங்க மாமா," என்றாள் அவள். குரல் உடைந்துபோயிருந்தது.

பிறகு போனைக் கிட்டத்தில் வைத்துக்கொண்டு, "இருங்க மாமா, வெச்சிடாதீங்க. அடுப்பை அணைச்சிட்டு வந்து உக்காந்துக்கறேன்" என்றாள்.

"மெதுவா வாம்மா," என்றார் ரீடிங்காரர்.